தாடை நோவும் தலைவிதியும்

(அறந்தாங்கியில் பேசியது)



இன்றைய பேச்சுக்குத் தாடை நோவு என்று தலைப்புக் கொடுத்திருப்பதைப் பார்த்துச் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கடவுள், மதம், சாதி, சாஸ்திரம், புராணம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எப்பொழுது வைத்தியக்கடை வைத்தார்கள் என்றும் கேட்கலாம். நாம் வைத்தியரல்ல. வைத்தியம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்தும், அவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறோம். இதற்கு இந்த மேடை எதற்கென்றால், மனிதனுக்கு உடம்பில் எந்த இடத்திலே காரணம் தெரியாத நோவு வருகிறதோ அந்த இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளுகிறவன் டாக்டரல்ல, கோடாங்கிதான். அவனுக்குப் பின்னால் சோசியன், அவனுக்குப் பின்னால் பூசாரி. இவர்கள் மடி நிறைந்த பிறகு கையில் ஏதாவது மிச்சம் இருந்தால்தான் ஆஸ்பத்திரி. ஆகவே அவர்கள் போய் உட்காரும் இடத்துக்கெல்லாம் நாமும் போக வேண்டியதாயிருக்கிறது.

இந்தத் தாலூகாவில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே நடவு நட்டுவிட்டுக் களைத்து வந்த ஒரு மருமகப் பெண் சாயங்காலம் ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். திறந்த வாய் மூடவில்லை. பேச வரவில்லை, எச்சில் ஒழுகுகிறது, கண்ணில் தண்ணீர் தாரை தாரையாய்ப் போகிறது. வீட்டார் என்ன செய்வார்கள்? "உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் நின்றாயா?" என்று கேட்டார்கள். வாய் மூடினாலல்லவா அவள் பதில் சொல்வாள்! பதில் சொல்லாததே பேய்க்குச் சாட்சியாகிவிட்டது. உடுக்கை வந்தது, வேப்பிலை வந்தது, சேவல் ஒன்று உயிரை விட்டது. இரண்டு இரவு அந்தப் பெண் திறந்த வாயோடு அடிபட்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஊசி போட்டுச் சதையைத் தளர்த்தி, தமது இரண்டு கட்டை விரல்களிலும் துணியைச் சுற்றி வாய்க்குள் விட்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்திப் பின்னுக்குத் தள்ளினார். 'டக்'கென்று ஒரு சத்தம். பேய் போய்விட்டது! முதல் நாள் சாயங்காலமே கொண்டுபோயிருந்தால் ஊசி கூட வேண்டியிருந்திருக்காது.

அந்தப் பேய் எங்கே குடியிருந்தது என்று இப்பொழுதே பார்த்துவிடலாம். எல்லோரும் இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் காதுக்கு முன்னால், காதுத் துவாரத்தை ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து திறந்து மூடுங்கள். தாய்மார்களும் செய்து பாருங்கள். இதற்கு வெட்கம் ஒன்றுமில்லை. விரலுக்கு அடியில் ஒரு குமிழ் முன்னும் பின்னும் ஓடுகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் இரண்டு மேல் முனையிலும் ஒவ்வொரு குமிழ் உண்டு. மண்டையோட்டில் அதற்கு ஒரு குழி உண்டு. எலும்பும் எலும்பும் உரசாமலிருக்க இரண்டுக்கும் நடுவில் நாரால் ஆன ஒரு சிறு தட்டு இருக்கிறது. முழங்கை கதவுக் கீலைப்போல் மடங்கி நிமிருவதோடு சரி. தாடை அப்படியல்ல. வாயை அகலத் திறக்கும்போது அந்தக் குமிழ் குழியை விட்டு முன்னால் நழுவி, அங்குள்ள ஒரு மேட்டின்மேல் ஏறுகிறது. மூடும்போது திரும்பிக் குழிக்கு வருகிறது. சாப்பிடுவது, பேசுவது, கொட்டாவி விடுவது எல்லாவற்றிற்கும் நாள் முழுவதும் ஏறி இறங்குகிற மூட்டு இது. ஏறின குமிழ் ஒரு வேளை மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டால், மெல்லும் சதைகள் இறுகிக்கொண்டு அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளுகின்றன. வரப்பைத் தாண்டி இறங்கிவிட்ட வண்டிச் சக்கரத்தை எவ்வளவு இழுத்தாலும் வராது. முதலில் அமுக்க வேண்டியதை அமுக்கி, தூக்க வேண்டியதைத் தூக்கினால்தான் வரும். அவ்வளவுதான் சங்கதி.

கொட்டாவி விடும்போது வாய்க்கு நேரே சொடக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது உள்ளே புகுந்துவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். சொடக்குப் போடுகிற அதே கையை மடக்கி மோவாய்க்கட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்தால், தாடை நழுவுகிற வழக்கமுள்ளவர்களுக்கு அது நழுவாது. கை ஒன்றுதான், செலவும் இல்லை. கையை எங்கே வைப்பது என்பதில்தான் நமக்கும் பெரியவர்களுக்கும் தகராறு.

இந்தக் கட்டைவிரல் வைத்தியம் வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். எகிப்து தேசத்தில் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நாணற் சுருளில் எழுதி வைத்த வைத்திய ஏடு ஒன்று இருக்கிறது. 1862இல் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1930இல் அதை மொழிபெயர்த்து அச்சிட்டார்கள். அதன் முன்பக்கத்தில் 48 பேருடைய காயங்களும் முறிவுகளும், அவற்றுக்குச் செய்ய வேண்டியதும் வரிசையாக இருக்கின்றன. இருபத்தைந்தாவது, தாடை நழுவினவன் சமாசாரம். கட்டை விரல்களை வாய்க்குள் வை, மற்ற விரல்களை மோவாய்க்கு அடியில் வை, பின்னுக்குத் தள்ளு என்று எழுதியிருக்கிறது. நமது டாக்டர் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால், தோழர்களே, அந்தச் சுருளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் வேடிக்கை. அங்கே கொள்ளைநோய் வராமலிருக்க மந்திரங்கள் எழுதியிருக்கின்றன! முன்பக்கத்து 48இல் ஏறக்குறைய மந்திரமே கிடையாது. பின்பக்கத்திலோ அடுத்தடுத்து மந்திரம். மண்டை உடைந்ததும், எலும்பு முறிந்ததும், தாடை நழுவினதும் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே கை வேலை செய்தது. கொள்ளைநோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே வாய் வேலை செய்தது. எகிப்தியன் நம்மைவிட முட்டாளும் அல்ல, புத்திசாலியும் அல்ல. ஒரே தாளில் முன்பக்கம் மருந்தும் பின்பக்கம் மந்திரமுமாக அவன் இருந்தான். 3,600 வருஷம் கழித்து நாம் ஒரே பையில் மாத்திரையும் விபூதியுமாக இருக்கிறோம்.

நிற்க. வாய் திறவாமல் இறுகிப்போகிற நோய்கள் சில உண்டு. அவற்றிலே பேய் எப்படி வீட்டைக் காலி செய்தது என்று பாருங்கள். பிறந்த பிள்ளை இரண்டு மூன்று நாள் நன்றாய்ப் பால் குடித்துவிட்டுத் திடீரென்று வாய் இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து செத்துப்போகும். தோஷம் என்றார்கள், தாய் மாதவிடாய்க் காலத்தில் எதையோ மிதித்தாள் என்றார்கள். எல்லாப் பழியும் தாயின் தலையில். உண்மையில் அது ரண ஜன்னி. தொப்புள் கொடியைத் துருப்பிடித்த கத்தியால் அறுத்துச் சாணமும் சாம்பலும் வைத்தபோது உள்ளே போன கிருமியின் வேலை. 1889இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ அந்தக் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், சுத்தமான பிளேடும் வந்தன. 2015இல் இந்தியா, தாயையும் சிசுவையும் கொல்லும் இந்த ஜன்னியை ஒழித்த நாடுகளின் கணக்கில் சேர்ந்தது. எந்த ஓமத்தால் சேர்ந்தது? பூசாரிகள் யாராவது அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, காதுக்குக் கீழே தாடை வீங்குகிற புட்டாளம்மை. இதற்குப் 'பொன்னுக்கு வீங்கி' என்று ஒரு பெயர் வைத்து, பொன்னுக்கு ஆசைப்பட்டு வீங்கியிருக்கிறது, கழுத்திலே தங்கச் சங்கிலி போட்டால் வடிந்துவிடும் என்று சொல்லுகிறார்கள். சங்கிலி போட்டால் வடியத்தான் வடிகிறது. போடாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் வடிகிறது. குடிசையிலே கிடக்கிற பிள்ளைக்கு எந்தச் சங்கிலியைப் போட்டார்கள்? அதற்கு வடியாமலா இருந்தது? இந்த வீக்கத்துக்குக் காரணம் ஒரு வைரஸ்; அதற்குத் தடுப்பூசி 1967லேயே வந்துவிட்டது.

மூன்றாவதுதான் நம் வீட்டுத் திண்ணையிலே இருப்பது. வெற்றிலைத் தட்டு இல்லாமல் நமக்குக் கல்யாணம் இல்லை, கருமாதி இல்லை, பஞ்சாயத்து இல்லை. அந்தத் தட்டிலுள்ள பாக்கைப் பல வருஷம் அடக்கி வைத்து மெல்லுகிறவர்களுக்கு வாயின் உட்சதை காரம் பட்டால் எரிய ஆரம்பித்து, பிறகு வெளுத்து, நாராகிக் கயிறுபோல் இறுகி, மூன்று விரல் போன வாயில் இரண்டு விரல், பிறகு ஒரு விரல் என்று சுருங்கிக்கொண்டே வருகிறது. தாடை மூட்டுக்கு இதில் குற்றமே இல்லை. ஆனால் பலர் மூட்டுப் பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்துக் காலம் கழிக்கிறார்கள். 1952இல் ஒரு டாக்டர் ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்கள் அய்வரிடம் இதைக் கண்டு எழுதினார். மறு ஆண்டே நம் நாட்டு டாக்டர் ஜோஷி எழுதினார். இது சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுகிறது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2003இல் முடிவு செய்தது. 2013இல் தமிழ்நாட்டு அரசாங்கம் குட்காவுக்குத் தடை போட்டது. ஆனால் மங்கலத் தட்டில் வைத்து மரியாதையாய் நீட்டும் பாக்குக்கு யார் தடை போடுவது? நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, மிகப் பெரும்பாலோருக்கு வருகிற சாதாரணத் தாடை நோவுக்கு வருவோம். காதுக்கு முன்னால் வலிக்கும். சிலர் காதுவலி என்று காதில் எண்ணெய் விடுவார்கள், சிலர் பல்வலி என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். மெல்லும்போது வலி, காலையில் எழுந்தால் தாடை கெட்டியாயிருத்தல், பொட்டில் தலைவலி, வாய் திறக்கும்போது 'டக் டக்' என்ற சத்தம், சில சமயம் பாதியில் மாட்டிக்கொள்ளுதல், இவைதான் அடையாளம். நூற்றுக்கு 5 முதல் 12 பேர் வரை இந்த உபத்திரவம் உள்ளவர்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அதிலும் ஆண்களுக்கு ஒரு பங்கென்றால் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு. அதுவும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். அந்த வயதுப் பெண் தாடை வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் என்ன பதில் கிடைக்கிறது? "வாயாடிக்கு வாய் வலிக்காமல் என்ன செய்யும்?" என்கிறார்கள். இதைவிடக் கேவலமான வைத்தியம் ஒன்று இருக்கிறதா? அதிகம் பேசுவதால் தாடை கெடுமானால், முதலில் கெட வேண்டியது கதாகாலட்சேபம் செய்கிறவர்களுடைய தாடையும், எம்மைப் போன்ற மேடைக்காரர்களுடைய தாடையுமல்லவா?

உண்மையிலே பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், தன்னையறியாமல் பல்லோடு பல்லைச் சேர்த்து இறுக்கிக்கொள்ளும் பழக்கம். கவலை, கோபம், கடன், மாமியார் சண்டை, வாயைத் திறந்து சொல்ல முடியாத வருத்தம், இவையெல்லாம் மெல்லும் சதையிலே போய் உட்காருகின்றன. "பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்று நாம் பெண்களுக்குப் புத்தி சொல்லுகிறோம். அவர்களும் அப்படியே இருக்கிறார்கள்; பிறகு தாடை வலிக்கிறது. உடம்பு அமைந்திருக்கிற விதம் வேறு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, உதடு சேர்ந்திருந்தாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இப்பொழுது இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்குப் பல் சேர்ந்திருக்கிறது என்று அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியதும் சுலபமானதுதான். சில வாரத்துக்கு முறுக்கு, கடலை மிட்டாய், பாக்கு ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். கரும்பைப் பல்லால் உரிக்கக்கூடாது, சோடாப் புட்டி மூடியைப் பல்லால் திறக்கும் வீரத்தையும் காட்டக்கூடாது. குழைந்த சோறு, இட்லி, கஞ்சி சாப்பிடலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தாடையில் காலையும் மாலையும் கால் மணி நேரம் வைக்கலாம். மோவாய்க்குக் கை கொடுத்து உட்காருவதையும், குப்புறப் படுப்பதையும் விட வேண்டும். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டே வாயை மெள்ளத் திறந்து மூடிப் பழக வேண்டும். வலி மாத்திரை டாக்டரைக் கேட்டுச் சில நாளைக்கு மட்டும். வலியில்லாத வெறும் 'டக்' சத்தத்துக்கு வைத்தியமே வேண்டியதில்லை. சுளுக்கு என்று ஓங்கித் திருப்பிவிடச் சொல்வதோ, காலால் பிறந்தவரைத் தேடிப் பிடித்து மிதிக்கச் சொல்வதோ கூடவே கூடாது. அவர் காலால் பிறந்ததற்கும் நம் தாடைக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனிக்க வேண்டும். இந்த நோவு பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தானே குறைகிற சுபாவமுள்ளது. கூடும், குறையும், மறுபடி கூடும். மனிதன் எப்பொழுது மந்திரவாதியிடம் போகிறான்? வலி உச்சியில் இருக்கும்போது. உச்சியில் இருப்பது எங்கே போகும்? கீழேதான் இறங்கும். இறங்கினவுடன் தாயத்துக்குப் பெருமை. ஓதின தண்ணீர் கொடுத்தவருக்கும், எண்ணெய் தடவி ஜெபம் செய்தவருக்கும், நவக்கிரகம் சுற்றச் சொன்னவருக்கும் இதே கதைதான். இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் இல்லை.

பக்கத்திலேயே ஆவுடையார்கோயில் இருக்கிறது. நரியைக் குதிரையாக்கிய இடம் என்று பெருமை பேசுகிறார்கள். அங்கே மூலஸ்தானத்தில் சாமிக்கு உருவம் கிடையாது, வெறும் பீடந்தான். படையலும், வடித்த சோற்றின் ஆவி மட்டுந்தான் சாமிக்கு. சோறு யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும். வாயுமில்லை, பல்லுமில்லை, தாடையுமில்லை, சாப்பிடுவதும் ஆவி! அப்பேர்ப்பட்டவரிடம் போய்த் தாடை வலியைச் சொன்னால் அவருக்கு எப்படி விளங்கும் என்று பக்தர்கள்தான் யோசிக்க வேண்டும்.

பூசாரியை மட்டும் சொல்லிவிட்டு, கோட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டால் அது பகுத்தறிவாகாது. 1934இல் காஸ்டென் என்னும் அமெரிக்க டாக்டர், தாடை நோவுக்கெல்லாம் காரணம் பற்கள் விழுந்து கடிப்புத் தாழ்ந்ததே என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேருடைய நல்ல பல்லைச் சீவினார்கள், உயர்த்தினார்கள். அந்தக் கொள்கை பிற்பாடு நிற்கவில்லை. சீவின பல் சீவினதுதான். 1980களில் அந்த நாட்டிலேயே வைடெக் என்ற கம்பெனி, மூட்டுக்குள்ளிருக்கும் தட்டை எடுத்துவிட்டு டெஃப்ளான் சேர்ந்த செயற்கைத் தட்டு வைக்கலாம் என்று விற்றது. ஒட்டாத தோசைச் சட்டியில் பூசுகிறார்களே, அதே சரக்கு. மெல்ல மெல்ல அது பொடியாய் உதிர்ந்து, எலும்பையே அரித்து, ஆயிரக்கணக்கானவர்களை வாழ்நாள் முழுவதும் நோயாளியாக்கியது. 1990-91இல் அரசாங்கம் தலையிட்டு அதைத் திரும்பப் பெறச் செய்தது. 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல தேசத்து நிபுணர்கள், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தாடை நோவுக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து வெளியிட்டார்கள். மனப் பழக்கத்தை மாற்றும் பயிற்சி, தாடைப் பயிற்சி, தேர்ந்த கையால் சதையைத் தளர்த்துதல், இப்படிப்பட்டவற்றைச் செய்யலாம் என்றார்கள். கடிப்பை நிரந்தரமாய் மாற்றிவிடுகிற பல் கவசமும், மூட்டுத் தட்டை அறுத்து எடுப்பதும் வேண்டாமென்று அழுத்திச் சொன்னார்கள். ஆகவே யாராவது எடுத்த எடுப்பிலேயே பல்லைச் சீவ வேண்டும், ஆயிரமாயிரமாய்ச் செலவாகும் என்றால், கோடாங்கியைக் கேட்ட கேள்வியையே அவரையும் கேளுங்கள்: இது பலிக்கும் என்பதற்கு ருசு என்ன? இதைச் செய்யாமல் ஒரு மாதம் பொறுத்தால் என்ன? நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பொறுத்திருக்கவும் கூடாது. நடந்தாலோ சுமை தூக்கினாலோ நெஞ்சு அடைத்துத் தாடைக்கு வலி ஏறுமானால், அது தாடை நோயல்ல, இருதய நோய். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சலோடு தாடை வீங்கி விழுங்க முடியாவிட்டால் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்குகிறதென்று அர்த்தம். அய்ம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு மெல்ல மெல்லத் தாடை களைத்து வலித்து, பொட்டு நரம்பு தடித்து, கண் மங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது, பார்வையே போய்விடும். காயம் பட்ட சில நாளில் வாய் இறுகினாலும், வாய்க்குள் மூன்று வாரமாய் ஆறாத புண் இருந்தாலும் அப்படியே.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே 1953இல்தான் பல் வைத்தியப் படிப்பே அரசாங்கக் கல்லூரியில் ஆரம்பமானது. இன்று நம் ஜில்லாத் தலைநகரான புதுக்கோட்டையிலேயே 2023இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. தமிழ்நாட்டிலே அரசாங்கத்தார் நடத்துகிறவற்றில் மூன்றாவது. வகுப்புரிமை உத்தரவு செல்லாது என்று 1951இல் சுப்ரீம் கோர்ட்டார் சொன்ன செண்பகம் துரைராசன் வழக்கே மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றி எழுந்ததுதான். அதற்காக நாடு கொதித்தெழுந்து, அதே வருஷத்தில் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. 2020இல் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் வந்தது. நாளைக்கு உங்கள் வாய்க்குள் கட்டை விரலை விட்டுத் தாடையைத் திருப்பி வைக்கப்போகிறவள் இந்தப் பக்கத்துக் குடியானவன் மகளாயிருக்கலாம். அவளிடம் போவதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். பஸ் பார்த்தால் போதும்.

இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. "வாய் சரியாகத் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். முடியும். தன்னுடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாய் முன்பற்களுக்கு நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்றும் போனால் சரி. இரண்டுதான் போகிறதென்றால் காட்ட வேண்டும். பாக்குப் போடுகிறவராயிருந்தால் இந்த வாரமே காட்ட வேண்டும்.

மற்றொன்று ஒரு தாயார் அனுப்பியது. பிள்ளை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறது, வயிற்றில் பூச்சி என்கிறார்கள், பேய்க் கனவு என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்கிறார். அம்மா, பூச்சி இருந்தால் அதற்கு மருந்து கொடுங்கள். ஆனால் பல் கடிப்பதற்குக் காரணம் அதுவல்ல. அநேகக் குழந்தைகள் கடிக்கும். வளர வளரத் தானே நின்றுவிடும். பல் தேய்ந்தாலோ, காலையில் தாடை வலிக்கிறதென்றாலோ, தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அந்தக் கறுப்புக் கயிற்றை இன்றைக்கே அறுத்துவிடலாம்.